வராத தபால், வந்து நிற்கும் வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அஞ்சலகத்துக்கு, மாநகராட்சிக்கு, வருமான வரி அலுவலகத்துக்கு என்று எழுதியவை ஏராளம். வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: போய்ச் சேராத தபாலின் ரசீது, அல்லது எதிர்பாராமல் வந்த வரி நோட்டீஸ். பல நேரங்களில் இரண்டும் ஒரே கதைதான். முதல் கடிதம் வரவில்லை; இரண்டாவது கடிதம் வட்டியோடு வந்தது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நோட்டீஸ் என் கைக்கே வரவில்லை. வராத கடிதத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம், 27-வது பிரிவு: சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால் அந்தக் கடிதம் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். வழக்கமாக எத்தனை நாளில் சேருமோ, அத்தனை நாளில் சேர்ந்ததாகக் கணக்கு. அனுப்பியவர் ரசீதைக் காட்டினால் போதும். வரவில்லை என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழுகிறது.

அதே பிரிவில் நமக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ‘மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி’ என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. அந்த வாசலில் நுழைய வெறும் வாய்ச்சொல் போதாது; காகிதம் வேண்டும். தபாலின் தடம் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதி, அஞ்சலக அதிகாரி எழுதித் தந்த பதில், பட்டுவாடாச் சீட்டின் நகல் ஆகிய மூன்றில் ஒன்றாவது கையில் இருந்தால் உங்கள் பேச்சு எடுபடும். நம்மில் எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லியும் தோற்றுப்போவது இந்தக் காகிதம் இல்லாததால்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

பட்டுவாடாச் சீட்டின் நகலை எப்படி வாங்குவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் பகுதி அஞ்சல் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தபால் எண்ணைக் குறிப்பிட்டு, ‘எந்தத் தேதியில், யாரிடம் கொடுக்கப்பட்டது, கையெழுத்திட்டவர் யார், அந்தச் சீட்டின் நகல் தேவை’ என்று நேராகக் கேளுங்கள். ‘ஏன் தொலைத்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது.

ஒருவருக்கு இப்படி வந்த நகலில், அவருடைய பெயருக்கு எதிரே முன்பின் அறியாத ஒருவரின் கையெழுத்து இருந்தது. நான்கு தெரு தள்ளி, அதே இனிஷியலும் பெயரும் கொண்ட வேறொருவர் வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு தாளால் அவருடைய மனு மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

நான் அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் சேரவே இல்லை. யாரிடம் போவது?

முதலில் ரசீதை எடுங்கள். அதில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து என மொத்தம் பதின்மூன்று இடங்கள் கொண்ட எண் இருக்கும். அதைத் தபால் துறை இணையதளத்தில் போட்டால் தபால் எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். நாளடைவில் அந்தத் தடம் மறைந்துவிடும்.

அடுத்து, இணையத்திலோ 1800 266 6868 என்ற இலவச எண்ணிலோ புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தொலைபேசியில் நல்ல வார்த்தை சொன்னார்கள் என்று விட்டுவிடக் கூடாது. எண் இல்லாத புகார் புகாரே அல்ல. பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் எழுதலாம். 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்படி அங்கே தீர்வு காணும் கெடு 21 நாள். தபால் தொடர்பான மனுக்களுக்கு அங்கிருந்துதான் ஒழுங்கான பதில் வருகிறது என்பது என் அனுபவம்.

சாதாரணத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்ட கடிதத்துக்குத் தடமும் இல்லை, ரசீதும் இல்லை. வரி அலுவலகத்துக்கான பதிலை ஒருபோதும் அப்படி அனுப்பாதீர்கள்.

தொலைந்ததற்கு நஷ்ட ஈடு உண்டா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதே நெடுநாள் விதி. 2025 அக்டோபர் முதல் 50 கிராம் வரையிலான வெளியூர்த் தபாலுக்குக் கட்டணம் 47 ரூபாய், வரி தனி. ஆக, உள்ளே மூலப் பத்திரமே இருந்தாலும் கைக்கு வருவது நூறு ரூபாய்க்குள்தான்.

இதன் வேர் 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் இருக்கிறது. தபால் தொலைந்தது, தாமதம், சேதம், ஆள் மாறிக் கொடுத்தது ஆகியவற்றுக்கு அரசு தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று அதன் 6-வது பிரிவு சொன்னது. ஊழியர் வேண்டுமென்றே செய்தாலோ மோசடி செய்தாலோ மட்டும் அவர்மேல் பொறுப்பு வரும். 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டமும் 10-வது பிரிவில் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து ஒரு சட்டத்தைப் புதிதாக எழுதும்போது, கடிதத்தை நம்பிக் கொடுப்பவரின் பக்கத்தையும் சற்று எண்ணியிருக்கலாம். ஒருபுறம், தபாலில் போட்டால் சேர்ந்ததாகவே கொள்ளும் சட்டம். மறுபுறம், சேராவிட்டால் பொறுப்பில்லை என்னும் சட்டம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் குடிமகன்தான். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இன்ஷூர் செய்து அனுப்புங்கள். இல்லையேல் நகலை அனுப்பி, மூலத்தை நேரில் காட்டுங்கள்.

ரிஜிஸ்டர் தபாலை நிறுத்திவிட்டார்களாமே?

2025-இல் அது ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டது. பதிவு என்பது இப்போது ஸ்பீடு போஸ்டின் மேல் 5 ரூபாயும் வரியும் செலுத்திப் பெறும் கூடுதல் சேவை. முகவரிதாரரின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றால் கவுன்ட்டரில் ‘பதிவோடு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஸ்பீடு போஸ்டாகவே போகும். அந்த முகவரியில் இருக்கும் வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

‘கதவு பூட்டியிருந்தது’ என்று திருப்பிவிட்டார்கள். நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்!

நிறையப் பேர் சொல்லும் குறை இது. பதிவுத் தபாலுக்கு ஆள் இல்லையென்றால், தபால்காரர் ஒரு சிறு அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். தபால் அஞ்சலகத்தில் ஏழு நாள் காத்திருக்கும். அந்தச் சீட்டு வைக்கப்படவில்லை என்பதைத்தான் உங்கள் புகாரில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தபால்காரரை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் முன்பு மூவர் சுற்றிய இடத்தில் இப்போது ஒருவர் சுற்றுகிறார். பூட்டிய கேட், பெயர்ப்பலகை இல்லாத அடுக்ககம், வேலை செய்யாத அழைப்பு மணி என நம் பக்கத்திலும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. பெயரும் கதவு எண்ணும் எழுதிய ஒரு தபால்பெட்டியைக் கேட்டில் மாட்டுங்கள். தபால்காரரிடம் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன. எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். சென்னையில் காணாமல் போகும் கடிதங்களில் எத்தனையோ இந்த எண் குழப்பத்தில் போனவை. பழைய எண் 14 என்பது புதிய எண் 31 ஆகியிருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய 31 இருக்கும். மாநகராட்சிக் கணக்கில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று, வங்கியில் இரண்டும் கலந்து என்று இருந்தால் நோட்டீஸ் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் உட்கார்ந்து எல்லா இடத்திலும் முகவரியை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

பின்கோடு ஆறு இலக்கமும் சரியாக இருக்க வேண்டும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பிரிக்கும் மாவட்டத்தையும் கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. 1972 ஆகஸ்ட் 15-இல் இந்த முறையைக் கொண்டுவந்ததே, ஒரே பெயரில் ஊர்கள் பல இருக்கும் நாட்டில் கடிதம் வழி தவறக் கூடாது என்பதற்காகத்தான்.

சொத்து வரிக்குப் பில்லே வரவில்லை. பிறகு எதற்கு வட்டி?

பில் வந்தாலும் வராவிட்டாலும் சொத்து வரி அரையாண்டின் தொடக்கத்திலேயே செலுத்த வேண்டியதாகிவிடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் செலுத்தினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி. பில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஊக்கத்தொகையையும் இழந்து வட்டியும் கட்டுகிறார்கள்.

எனவே தபாலை நம்ப வேண்டாம். உங்கள் வரி விதிப்பு எண்ணைச் சமையலறை நாள்காட்டியில் ஏப்ரல், அக்டோபர் தாள்களில் எழுதி வையுங்கள். அந்த எண்ணை இணையதளத்தில் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். செலுத்தியும் நிலுவை காட்டினால், வங்கியில் பணம் போன தேதியோடு ரசீதை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு நேரில் போவதே விரைவான வழி.

திடீரென்று வரி இவ்வளவு ஏறியது ஏன்?

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஒரே தாவலாக உயர்த்தினார்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய 1,500 சதுர அடி வீட்டுக்காரருக்கு அது 2,000 ஆயிற்று. 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து மேலும் 6 சதவீதம் ஏறியது. ஆண்டுதோறும் உயர்த்த வகை செய்யும் விதியின் கீழ் வந்தது இது.

இருபத்து நான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்கியது ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களை எவ்வளவு கலங்க வைத்தது என்பதை நேரில் பார்த்தேன். மஞ்சள் பையில் முப்பது ஆண்டு ரசீதுகளோடு வந்த ஓர் அம்மா, ஒரு ரசீதைக்கூடத் தவறவிடாமல் அடுக்கி வைத்திருந்தார். “நான் ஒருநாளும் தவணை தவறியதில்லையே, எனக்கு ஏன் தண்டனை?” என்றுதான் கேட்டார். அது தண்டனை அல்ல என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

கணக்கே தவறாக இருக்கிறது என்று தோன்றினால்?

உயர்வை எதிர்ப்பது வேறு, கணக்கைத் திருத்தச் சொல்வது வேறு. இரண்டாவதில் வெற்றி கிடைக்கும். கட்டடப் பரப்பு, தெருவுக்கான அடிப்படை மதிப்பு, குடியிருப்பா வணிகமா, சொந்தமாகக் குடியிருக்கிறீர்களா வாடகையா என்ற விவரங்களைப் பாருங்கள். மாடியில் இருந்த கடையை மூடி ஐந்தாண்டு ஆகியும் வணிக விகிதமே போட்டுக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. டேப் வைத்து வீட்டை அளந்து, வரைபடத்தோடு ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. மனு கொடுத்த நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பில் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே வருகிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. வரி நிலுவை ஆளைத் தொடராது, சொத்தைத் தொடரும். பெயர் பழையதாக இருப்பதால் தபால் திரும்பிப் போகிறது, நிலுவை வளர்கிறது, வீட்டை விற்கப் போகும் நாளில் மொத்தமும் எழுந்து நிற்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி வரி ரசீது ஆகியவற்றோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வரி ரசீதில் பெயர் இருப்பதாலேயே சொத்துரிமை வந்துவிடாது என்பதையும் கூடப்பிறந்தவர்களுக்கு அன்போடு சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் பெயர் மாற்றம் நின்றுபோவது அந்தச் சந்தேகத்தால்தான்.

வருமான வரித் துறையிடமிருந்து 143(1) என்று ஒரு கடிதம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை. கணக்குத் தாக்கல் செய்த எல்லோருக்கும் பெங்களூரு மையத்திலிருந்து வரும் அறிவிப்பு அது. பணம் திரும்பி வரும் என்றும் சொல்லலாம், ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம், கட்ட வேண்டும் என்றும் சொல்லலாம்.

உள்ளே அருகருகே இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்று நீங்கள் சொன்னது, மற்றொன்று துறை கணக்கிட்டது. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்குங்கள். எங்கே எண் மாறுகிறதோ அங்கே பென்சிலால் வட்டமிடுங்கள். நான் பார்த்தவரை வட்டம் விழுவது சில இடங்களில்தான்: வைப்புத்தொகை வட்டியைக் காட்டாமல் விட்டது, உங்களிடம் பிடித்த வரி 26ஏஎஸ் படிவத்தில் (உங்கள் பெயரில் அரசுக்கு வந்த வரியின் பட்டியல்) ஏறாதது, சலானில் மதிப்பீட்டு ஆண்டை மாற்றிப் போட்டது.

அவர்கள் சொல்வது சரியென்றால் 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். பிறகு மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. தவறென்றால் இணையதளத்தில் ‘உடன்படவில்லை’ என்று பதில் போட்டு, 154-வது பிரிவில் திருத்தம் கேளுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. திருத்தம் கேட்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். திருத்த மனு நிலுவையில் இருப்பதால் அந்த 30 நாள் நின்றுவிடாது. தொகை பெரிதென்றால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டுகளுக்கான கடிதங்களில் பழைய எண்களையே பார்ப்பீர்கள்.

சம்பளத்தில் வரியைப் பிடித்த நிறுவனம் அதை அரசுக்குக் கட்டவில்லை. என்னிடம் கேட்கிறார்கள்!

இந்தக் கடிதத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: பிடித்த அளவுக்கு வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. அப்படி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூனிலேயே அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆனாலும் கணினி, படிவத்தில் இல்லாததை இல்லையென்றே சொல்கிறது. சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கில் நிகரச் சம்பளம் ஏறிய பக்கங்கள், நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம் ஆகியவற்றை இணைத்து உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு 205-ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிடித்தம் செய்ததற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வேலையை விட்ட அன்றே எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பதினைந்து ஆண்டுக்கு முந்தைய வருமான வரி நிலுவை என்று காட்டுகிறது. நினைவே இல்லை.

2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் இதற்கு ஒரு நிவாரணம் வந்தது. 2009-10 நிதியாண்டு வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் இருந்த வரிக் கேட்புகள் கைவிடப்பட்டன. ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்பு. உங்கள் நிலுவை அந்த அளவுக்குள் இருந்தும் இன்னும் நின்றால் குறை மனு போடுங்கள். அளவைத் தாண்டியதென்றால், எந்த உத்தரவின்படி, எப்போது அனுப்பப்பட்டது என்று நகல் கேளுங்கள். கேட்காமல் இருந்தால் பிந்தைய ஆண்டின் ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். கழிக்கும் முன் 245-வது பிரிவில் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள்.

தபால் தாமதமாக வந்தது. மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டது.

எனக்கே நடந்தது. ஒரு கார்த்திகை மழையில், மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்த பழுப்பு உறையை என் மகள்தான் எடுத்து வந்தாள். ஓர் அலுவலகத்தின் வரி உத்தரவு. மை கரைந்து முகவரி நீலத் தீற்றலாகியிருந்தது. உத்தரவின் தேதியிலிருந்து 41 நாள் ஓடியிருந்தது. உறையைக் கிழித்து எறிந்திருந்தால் என் கதை முடிந்திருக்கும். காயவைத்துப் பார்த்தேன். பின்புறம் எங்கள் அஞ்சலக முத்திரை மங்கலாகத் தெரிந்தது: உத்தரவு எழுதிய நாளுக்கு 33 நாள் கழித்து. அதாவது அவர்கள் எழுதிய கடிதம் என் ஊருக்கு வந்ததே 33-வது நாளில்தான். அந்த உறையின் நகலை இணைத்துத் தாமதத்தை மன்னிக்கக் கோரினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

வருமான வரி மேல்முறையீட்டிலும் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 249-வது பிரிவில் ஆணையருக்கு உண்டு. கடிதம் கைக்கு வந்த தேதியை நாள்வாரியாக எழுதுங்கள். உறையைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.

தபாலே அனுப்பாமல் இணையத்தில் ஏற்றிவிட்டு, கொடுத்துவிட்டோம் என்கிறார்களே?

ஜி.எஸ்.டி.யில் சிறு கடைக்காரர்கள் இதில் நிறைய அடிபட்டிருக்கிறார்கள். இணையதளத்தின் உள் பக்கம் ஒன்றில் நோட்டீஸும் உத்தரவும் கிடக்கும். வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் தெரியவரும். இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றில் சென்னை உயர் நீதிமன்றம், கேட்கும் வரியில் 10 அல்லது 25 சதவீதத்தைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கும் வக்கீல் செலவு உண்டு. மாதம் இருமுறையாவது உள்ளே சென்று பாருங்கள். கணக்காளரின் மின்னஞ்சலும் எண்ணும் மட்டுமே பதிவாகியிருந்தால் இன்றே உங்களுடையதைச் சேருங்கள்.

வந்திருப்பது உண்மையான நோட்டீஸ்தானா?

2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறை இணையதளத்தில் உள்நுழையாமலேயே அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ‘முகவரி முழுமையில்லை, பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பில் சென்று சிறு தொகை செலுத்துங்கள்’ என்று தபால் துறை பெயரில் வரும் குறுஞ்செய்திகள் போலி. தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

வரி சரிதான். ஆனால் கட்டப் பணம் இல்லை. என்ன செய்வது?

கெடு முடிவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வருமான வரியில் தவணையில் செலுத்த அதிகாரியிடம் அனுமதி கோரலாம். மேல்முறையீடு செய்திருந்தால், பொதுவாக 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைக்கலாம் என்று 2017-இல் நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. சொத்து வரியில் கையில் இருப்பதைக் கட்டுங்கள். வட்டி மீதிக்கு மட்டும்தான் ஓடும். கூச்சத்தால் அலுவலகப் பக்கமே போகாமல் இருந்தவர்களுக்குத்தான் ஜப்தி நோட்டீஸ் வந்து பார்த்திருக்கிறேன். போகும்போது துணைக்கு யாரையாவது அழைத்துச் செல்லுங்கள். மனுவின் இரண்டு நகலும், இதுவரை கட்டியதற்கான ரசீதுகளும், அந்தக் கடிதம் வந்த உறையும் கையில் இருக்கட்டும்.